தழும்புக்குக் கீழே ஓர் இதயம்

முதலில் தயங்கியது கால்தான். பாலராமபுரத்து நெசவாளர் தெரு ஒன்றில், ஓட்டு வீட்டின் முன்னறையில் தோண்டிய குழித்தறியில் உட்கார்ந்து நாற்பது வருடங்களாக மிதிபலகையை மிதித்த கால் அது. 2024 ஓணத்துக்கு முன்பு, செட்டு முண்டுக்கான ஆர்டர்கள் குவிந்திருந்த நேரத்தில், ஒரு முழம் நெய்வதற்குள் அது ஓய்வு கேட்கத் தொடங்கியது. பிறகு மூச்சு. நாடாவை நாலு முறை ஓட்டினால் ஐந்தாவது முறைக்கு முன் வாயைத் திறந்து காற்றை இழுக்க வேண்டியிருந்தது.

"தறிக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு மக்களே" என்று பேரனிடம் சொல்லிவிட்டு, குழியிலிருந்து எழுந்து வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 68.

ஓணம் முடிந்தது. மூச்சுத் திணறல் முடியவில்லை. இரவில் ஒரு தலையணை போதாமல் இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. ஐப்பசி மழை பிடித்தபோது அவர் படுப்பதையே விட்டுவிட்டார். தறியின் தூணில் முதுகைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே தூங்கினார். செருப்பின் வார் பட்ட இடத்தில் கால் பள்ளமாகப் பதிந்து, நெடுநேரம் கழித்தே மேலே வந்தது. பக்கத்து கிளினிக்கில் "எளப்பு" என்றார். பஞ்சுத் தூசிக்கு நடுவே வாழ்நாளைக் கழித்த நெசவாளி. ஆஸ்துமாவாக இருக்கும் என்று எவரும்தான் நினைப்பார்கள். உறிஞ்சும் மருந்து கொடுத்து அனுப்பினார்கள். "இதுக்கு முன்னாடி வேறு ஏதாவது நோய் உண்டா?" என்று கேட்டபோது, இல்லை என்று தலையாட்டினார்.

அவர் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. அவர் கணக்கில் அந்த நோய் 2011லேயே முடிந்துவிட்டது.

அவர் மறைத்ததைப் புரிந்துகொள்ள அந்தத் தெருக்களைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயரைத் தாங்கிய ஊர் இது. திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியில், தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் குடும்பங்கள் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டன. அரண்மனைக்கு வேண்டிய மெல்லிய துணியை நெய்யத்தான். இருநூறு வருடங்களுக்கு மேலாகியும் அந்த வீடுகளில் பலவற்றில் அடுப்படிப் பேச்சு தமிழ்தான். பள்ளிக்கூடமும் ரேஷன் கார்டும் மலையாளம். ஆஸ்பத்திரிச் சீட்டு ஆங்கிலம். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லை வரையப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலும் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் தங்கியது. அந்த வருடம் பிறந்தவர் இந்த மூதாட்டி.

தெருக்கள் குறுகல். சுவர்கள் ஒட்டியவை. ஒரு வீட்டில் பாவு ஓட்டினால் அடுத்த வீட்டுக்காரர் வந்து நுனி பிடிப்பார். இப்படிப்பட்ட தெருவில் ரகசியம் காப்பது எளிதல்ல. ஆனால் 2006இல் அவருக்கு அது அவசியமாக இருந்தது. இடது மார்பில் தட்டுப்பட்ட கட்டி புற்றுநோய் என்று தெரிந்தபோது அவருக்கு வயது 50; கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். "கேன்சர் வந்த வீடு" என்று பெயர் வாங்கினால் வரன் வாசல்படி ஏறாது. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று தெருவுக்குச் சொல்லப்பட்டது. தலைமுடி கொட்டியது தெரியாமல் இருக்க முண்டின் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மார்பை எடுத்துவிட்ட இடத்தில் வைப்பதற்கு, தறியில் மிஞ்சிய கழிவு நூலை அடைத்து, தானே நெய்த துணியில் ஒரு சின்னத் தலையணை தைத்துக்கொண்டார். அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டுதான் இரண்டு கல்யாணங்களிலும் பந்தியில் நின்றார்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறு முறை மருந்து ஏற்றினார்கள். ஐந்து வாரம் கதிர்வீச்சு. அப்புறம் தினமும் ஒரு மாத்திரை, ஐந்து வருடம். 2011இல் அதையும் நிறுத்தச் சொன்னார்கள். வருடத்துக்கு ஒரு தரம் வந்து காட்டும்படி சொன்னதைச் சில வருடங்கள் செய்தார். கணவர் இறந்த பிறகு அதுவும் நின்றது. ஃபைலைப் பீரோவின் அடித்தட்டில், கசவு முண்டுகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினார். இடையில் ரத்தக் கொதிப்பு என்று கொடுத்த மாத்திரையை, தலைசுற்றல் நின்றதும் நிறுத்திவிட்டார். இந்த ஒரு தவறை இங்கே செய்யாத வீடு உண்டா என்ன?

விஷயம் வெளியே வந்தது ஒரு இ.சி.ஜி.யால். கார்த்திகையில் ஒரு விடியற்காலை, மூச்சு அடங்காமல் உதடு நீலம் பாரித்தபோது மகன் ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் ரவிக்கையை அவிழ்க்கச் சொன்னார்கள். அவர் மறுத்தார். முன்பு இரண்டு முறை இ.சி.ஜி. எடுக்கச் சொன்னபோது எடுக்காமலே திரும்பியதும் இதனால்தான் என்பது மருமகளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தார் ஒரு இளம் பெண் டாக்டர். இ.சி.ஜி.யின் ஆறு ஒயர்கள் நெஞ்செலும்பில் தொடங்கி இடது மார்பைச் சுற்றி ஒட்டப்படுபவை. அங்கே மார்பு இல்லை. அக்குள் வரை ஓடும் தழும்பும், அதைச் சுற்றிக் கறுத்து இறுகிய தோலும் இருந்தன.

"அம்மா, இது எப்போ?"

"அது பழைய கதை. அது சொகமாச்சு."

டாக்டர் அடுத்துக் கேட்ட கேள்வியைத்தான் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை, கேட்கவும் வழியில்லை. "அந்த ஃபைல் இருக்கா?"

மருமகள் வீட்டுக்கு ஓடிப் போய்க் கொண்டுவந்தார். பூச்சி மருந்து உருண்டையின் வாசனையோடு வந்த அந்தக் காகிதங்களைப் பேரன் எழுத்துக்கூட்டிப் படித்தான். 'அட்ரியாமைசின்' என்ற இடம் வந்தபோது, ஆக்சிஜன் குழாயைச் சற்று விலக்கிவிட்டு மூதாட்டி சொன்னார்: "அந்தச் செவப்பு மருந்து."

அந்தச் சிவப்பு மருந்துக்கு ஒரு பூர்விகம் உண்டு. தெற்கு இத்தாலியில் ஒரு பழைய கோட்டையின் அருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து 1960களில் பிறந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அட்ரியாட்டிக் கடலின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. ரத்தச் சிவப்பு, ஏற்றிய மறுநாள் சிறுநீர்கூடச் சிவந்து போகும். மார்பகப் புற்றுநோயிலிருந்து உலகெங்கும் ஏராளமான பெண்களை மீட்டதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அது இதயத் தசையையும் தொடுகிறது. தோலோ குடலோ தேய்ந்தால் புதிய செல்கள் முளைக்கும். இதயத் தசையின் செல்கள் அப்படிப் பெருகுவதில்லை. போனது போனதுதான். மிஞ்சியவை கூடுதல் சுமையைத் தூக்கிக்கொண்டு பல வருடங்கள் சத்தமில்லாமல் ஓடும். வயதும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்துகொள்ளும்போது தள்ளாடும்.

எவ்வளவு மருந்து என்பதே இதில் முக்கியம். 2003இல் வெளியான ஓர் ஆய்வின்படி, உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் ஏற்றியவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இதயச் செயலிழப்பு ஏற்பட்டது; 550 மில்லிகிராமில் அது 26 சதவீதமாக ஏறியது. பாலராமபுரத்து மூதாட்டியின் ஃபைலில் இருந்த கணக்கு 300. அபாயக் கோட்டுக்குக் கீழேதான். ஆனால் அந்தக் கோடு எல்லோருக்கும் ஒரே உயரத்தில் இல்லை. வயது கூடினால், ரத்தக் கொதிப்பு இருந்தால், நெஞ்சில் கதிர்வீச்சும் பட்டிருந்தால் கோடு கீழே இறங்கிவிடும். அவருக்கு மூன்றும் இருந்தன.

கதிர்வீச்சின் கதை இன்னும் நீளமானது. இதயம் நெஞ்சின் நடுவிலிருந்து இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. அதனால் இடது மார்புக்குக் கொடுக்கும் கதிரில் ஒரு பங்கு அதன் மேலும் விழுந்துவிடுகிறது. முக்கியமாக, முன்பக்கம் இறங்கும் ரத்தக்குழாயின் மேல். குழாயின் உள்சுவர் வருடக்கணக்கில் தடித்துச் சுருங்குகிறது. சுவீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை கதிர்வீச்சு பெற்ற 2,168 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு இன்றும் மருத்துவர்கள் எடுத்துக்காட்டுவது. இதயத்தில் விழும் சராசரிக் கதிர் அளவு ஒரு 'கிரே' கூடும்போதெல்லாம், மாரடைப்பு போன்ற பெரிய இதயநோய்க்கான வாய்ப்பு 7.4 சதவீதம் கூடியது. இவ்வளவுக்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று சொல்லக்கூடிய ஓர் அளவு தென்படவில்லை. முதல் ஐந்து வருடங்களுக்குள்ளேயே தொடங்கிய பாதிப்பு இருபது வருடங்களுக்குப் பின்னும் தொடர்ந்தது.

இந்த 7.4 சதவீதத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஆபத்தின் மேல் ஏறும் சதவீதம் அது. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இல்லாத பெண்ணுக்கு அடிப்படை ஆபத்தே சிறியது. அதன் மேல் ஏறுவதும் சிறியது. மாத்திரையைப் பாதியில் நிறுத்திய பெண்ணுக்கு இரண்டுமே பெரியவை. மார்பகப் புற்றுநோய் சிகிச்சை சிலருக்கு மாதவிடாயை முன்கூட்டியே நிறுத்திவிடுகிறது. சிகிச்சைக் காலத்தில் நடமாட்டம் குறைந்து எடை கூடுகிறது. இப்படி ஒன்றோடொன்று கைகோத்து வருவதால், எது முதல் குற்றவாளி என்று பல சமயம் மருத்துவர்களாலும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. இந்த மூதாட்டியின் விஷயத்திலும் சொல்லவில்லை. எக்கோ பரிசோதனையில் அவருடைய இதயத்தின் இடது கீழறை, ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் 35 சதவீதத்தைத்தான் வெளியே தள்ளியது. ஆரோக்கியமான இதயம் பாதிக்கு மேல் தள்ளும். முன்பக்கக் குழாயில் ஒரு சுருக்கமும் இருந்தது. சிவப்பு மருந்தா, கதிரா, விழுங்காத மாத்திரையா?

வெளிநாட்டுக் கணக்கு ஒன்று பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. அமெரிக்காவில் 1992க்கும் 2000க்கும் இடையில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட, 66 வயதும் அதற்கு மேலும் ஆன 63,566 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2011இல் வெளிவந்த முடிவின்படி அவர்களில் 15.9 சதவீதம் பேர் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்திருந்தார்கள். மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 15.1 சதவீதம். எதற்குப் பயந்து வாழ்ந்தார்களோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாக, பயப்படாத ஒன்று அவர்களைக் கொண்டுபோயிருக்கிறது. 2018இல் அமெரிக்க இதயச் சங்கம் இதையே ஓர் அறிக்கையாக வெளியிட்டு எச்சரித்தது. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2022இல் புற்றுநோயாளிகளின் இதயத்துக்கென்றே தனி வழிகாட்டி நெறிகளைக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட சிகிச்சை பெற்றவர்களுக்கு அது முடிந்த பின்னரும் வருடத்துக்கு ஒரு முறை இதயத்தின் நிலையைக் கணிக்க வேண்டும் என்கிறது அது.

இதைப் படித்துவிட்டுக் கதிர்வீச்சே வேண்டாம், சிவப்பு மருந்தே வேண்டாம் என்று யாராவது முடிவெடுத்தால் அதைவிட விபரீதம் வேறில்லை. 2006இல் அந்த மருந்துகளை மறுத்திருந்தால் பாலராமபுரத்து மூதாட்டி பேரனைப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். சிகிச்சை முறைகளும் இப்போது அப்படியே இல்லை. சி.டி. ஸ்கேன் பார்த்து இதயத்தை ஒதுக்கிக் கதிரைத் திட்டமிடுகிறார்கள். இடது மார்புக்காரர்களை ஆழமாக மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்லி, நுரையீரல் உப்பி இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகும் அந்தச் சில விநாடிகளில் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். டிராஸ்டுசுமாப் என்ற புதிய மருந்தும் இதயத்தைத் தளர்த்தக்கூடியதுதான். ஆனால் அதைக் கொடுக்கும்போது சுமார் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்கோ எடுக்கிறார்கள். தளர்ச்சி தெரிந்து மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் இதயம் தேறிவிடுகிறது. பழைய முறையில் பிழைத்தவர்களுக்குத்தான் இந்த வசதி எதுவும் இருக்கவில்லை. அவர்கள் இப்போது அறுபதிலும் எழுபதிலும் இருக்கிறார்கள்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் குறைவாக இருக்க நியாயமில்லை. மண்டல புற்றுநோய் மையம் இங்கே 1981இலேயே தொடங்கப்பட்டது. 2006இல் இந்த மாவட்டத்தில் 30 முதல் 69 வயது வரையிலான 1,15,652 பெண்களை உட்படுத்தி, கைகளால் மார்பைப் பரிசோதித்துக் கட்டியைத் தொடக்கத்திலேயே கண்டறிய முடியுமா என்று பார்க்கும் பெரிய ஆய்வு ஒன்று ஆரம்பமானது. சீக்கிரம் கண்டுபிடித்தால் அதிகம் பேர் பிழைப்பார்கள், பிழைத்தவர்களுக்கு வயதாகும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கேரளத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.6 சதவீதம், நாட்டுச் சராசரி 8.6தான்.

இதயத்துக்கும் இங்கே குறைவில்லை. உள்நாட்டிலேயே உருவாக்கிய செயற்கை இதய வால்வை 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாகப் பொருத்திய ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், புற்றுநோய் மையம் இருக்கும் அதே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில்தான் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். ஆனால் ஒரு நோயாளியின் உடம்பில் மார்பிலிருந்து இதயத்துக்கு நோய் நடந்து போக எடுத்துக்கொள்ளும் காலம் பத்து வருடம், பதினெட்டு வருடம். அதற்குள் ஃபைல் பீரோவுக்குள் போய்விடுகிறது, டாக்டர் மாறிவிடுகிறார், நோயாளியும் தான் நோயாளியாக இருந்ததை மறக்க விரும்புகிறார். இவற்றில் கடைசியைக் குற்றம் என்று சொல்ல முடியுமா?

பெண்களின் இதயநோய்க்கு இன்னொரு குணமும் உண்டு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற சினிமாக் காட்சியோடு அது எப்போதும் வருவதில்லை. மூச்சு வாங்கும். காரணமில்லாமல் களைப்பு வரும். தாடையிலோ முதுகிலோ வலிக்கும், வயிறு பொருமுவதுபோல் இருக்கும். மார்பை எடுத்த பெண்ணுக்கு அந்தப் பக்கத்தில் இழுப்பும் மரமரப்பும் பழகிப்போனவை. புதிதாக ஒரு வலி வந்தாலும் அதைத் தழும்பின் கணக்கில் எழுதிவிடுவார். இந்த மூதாட்டி ஊசி போட வந்த எல்லோரிடமும் பதினெட்டு வருடங்களாக வலது கையையே நீட்டினார். நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கையில் ஊசி கூடாது என்று 2006இல் சொல்லி அனுப்பியதை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தார். எதற்காக வலது கை என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். நீர் வடிந்து கால் இளைத்தது. வீட்டுக்குத் திரும்பிய பிறகு ஆறு மாதம் கழித்து எடுத்த எக்கோவில் 35 என்ற எண் 44 ஆகியிருந்தது. தினமும் ஐந்து மாத்திரைகள். நிறுத்துவதற்கு அவருக்கு அதிகாரமில்லை, சாவி மருமகளிடம். தறிக்குழியில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தறியில் இப்போது மகன் உட்காருகிறார்; மூதாட்டி திண்ணையில் ராட்டை சுற்றித் தார் போட்டுக் கொடுக்கிறார். காலையிலும் மாலையிலும் தெருமுனை வரை பைய நடந்து வருகிறார். அதுவும் மருந்துதானாம்.

அவருக்குப் பெரிய சண்டை உப்போடுதான். கருவாடு போயிற்று, ஊறுகாய் போயிற்று. "உப்பில்லாத கஞ்சியப் பாவுக்குத் தடவலாம், மனுசன் குடிப்பானா?" என்று மருமகளைக் கேட்கிறார்.

"குடிச்சாத்தான் மாமி பாவு நீளும்" என்கிறார் மருமகள்.

தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து நின்ற தெருவில் தெரியாமல் இருக்குமா? எதிர்பார்த்ததுபோல் வானம் இடிந்து விழவில்லை. பெண்கள் இருவருக்கும் பிள்ளைகளே பெரியவர்களாகிவிட்டார்கள். மாறாக, மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு பெண் ஒரு மத்தியான நேரத்தில் வந்து, கதவைச் சாத்திவிட்டு, தனக்கும் 2013இல் அந்த ஆபரேஷன் நடந்ததாகவும் தன் ஃபைல் அரிசிப் பானைக்குப் பின்னால் இருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். போன மாதம் இருவரும் ஒரே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். மூதாட்டியின் மஞ்சள் பையில் ஃபைல் இருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு, மேலே பேரனின் கையெழுத்தில் மருந்தின் பெயரும் அளவும், கதிர் கொடுத்த பக்கமும் வருடமும்.

தினமும் காலையில் பல் தேய்த்ததும் அவர் எடை மிஷினில் ஏறி நிற்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் தேங்குகிறது என்று அர்த்தம். உடனே போன் செய்ய வேண்டும். பேரன் அந்த எண்ணைத் தறிக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதுகிறான். அதே சுவரில்தான் முன்பு அவர் நெய்து முடித்த முண்டுகளைக் கோடு போட்டு எண்ணிவந்தார். கோடுகள் 2024 ஓணத்தோடு நின்றிருக்கின்றன. அவற்றுக்குக் கீழே 51.2, 51.4, 51.1 என்று எண்கள் இறங்கிப் போகின்றன.